தேரியில் நடந்தவர்கள்

தூத்துக்குடி என்றவுடன் வெளியூர் நண்பர்கள் சொல்வது மூன்று நான்கு வார்த்தைகள்தான். முத்து, உப்பு, துறைமுகம், மக்ரூன்! கொஞ்சம் வரலாறு படித்தவராக இருந்தால் கொற்கை, வ.உ.சி.யின் கப்பல் என்று இன்னும் இரண்டைச் சேர்த்துக் கொள்வார். கவனித்துப் பாருங்கள், மக்ரூனைத் தவிர எல்லாமே கடலோடு சம்பந்தப்பட்டவை.

ஆனால் இந்த மாவட்டத்தில் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றால் இன்னொரு கடல் தெரியும். அது சிவப்புக் கடல். அலை அலையாக மேடும் பள்ளமுமாகப் போகும் செம்மணல். ஊர்க்காரர்கள் அதைத் தேரி என்பார்கள், தேரிக்காடு என்பார்கள். சினிமாக்காரர்களுக்கு அது பாலைவனக் காட்சிக்கு வசதியான இடம். பஸ்ஸில் போகிறவருக்கு ஜன்னல் வழியே பத்து நிமிடம் தெரிகிற வெற்று மணல். சர்க்கார் காகிதத்துக்குத் தரிசு.

நடந்து போனவர்களுக்கு மட்டும் அது வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. ஒருவருக்கு அங்கே தண்ணீர் கிடைத்தது, ஒருவருக்குச் சோறு கிடைத்தது, ஒருவருக்குப் பூமியின் வரலாறு, இன்னொருவருக்கு ஆறாயிரம் வருடப் பழமையான கல் ஆயுதம்! இந்தக் கட்டுரை அப்படி நடந்தவர்களைப் பற்றியது.

தேரி என்றால் என்ன?

திருச்செந்தூரிலிருந்து தென்மேற்கே காயாமொழி, பரமன்குறிச்சி, தேரிக்குடியிருப்பு என்று போனால் வருவது குதிரைமொழித் தேரி. தேரிகளில் இதுதான் பெயர் பெற்றது, சுமார் 12 ஆயிரம் ஏக்கர் என்று சொல்வார்கள். இதற்குத் தெற்கே சாத்தான்குளம், தட்டார்மடம், இடையன்குடி என்று நெல்லை மாவட்டத்தின் ராதாபுரம் பக்கம் வரைக்கும் துண்டு துண்டாகப் பல தேரிகள் இருக்கின்றன. வடக்கே சாயர்புரம் பக்கமும் உண்டு.

கடற்கரை மணல் வெளுப்பாக இருக்க, சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மணல் மட்டும் ஏன் இப்படிச் சிவக்கிறது? ஒவ்வொரு மணல் துகள் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. எளிமையாகச் சொன்னால் துரு! கையில் எடுத்துத் தேய்த்தால் உள்ளங்கையில் சிவப்பு ஒட்டும்.

மழைக்காலத்தில் தேரிகளின் நடுவிலும் ஓரத்திலும் உள்ள பள்ளங்களில் தண்ணீர் தேங்கும். இந்தப் பருவகால ஏரிகளுக்குத் தருவை என்று பெயர். வைரவன்தருவை, புத்தன்தருவை என்று ஊர்ப் பெயர்களே இருக்கின்றன. கோடையில் அதே இடம் காய்ந்து ஆடு மேயும் வெளியாகிவிடும்.

ஐரோப்பாவில், முக்கியமாக அயர்லாந்தில், இதற்கு ஒரு தூரத்து உறவு உண்டு. அங்கே மேட்டுச் சதுப்பு என்று ஒரு வகை நிலம். பாசிச் செடிகள் மக்கி மக்கி, ஆயிரக்கணக்கான வருடங்களில், சுற்றியுள்ள தரையை விட உயரமாக ஒரு மெத்தை போல எழும்பி நிற்கும். அந்த மெத்தை முழுக்க மழைத் தண்ணீர். ஆறோ ஊற்றோ அதற்குத் தண்ணீர் தருவதில்லை, வானம் தருவதுதான். இங்கே தேரியும் அதே வேலையைத்தான் செய்கிறது. பாசிக்குப் பதில் மணல், குளிருக்குப் பதில் வெயில், அவ்வளவுதான் வித்தியாசம். மழை விழுந்த இடத்திலேயே உள்ளே இறங்கிவிடும், மேட்டின் அடிவாரத்தில் ஊற்றாகக் கசியும். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இரண்டையுமே வெகுகாலம் மனிதர்கள் "ஒன்றுக்கும் உதவாத நிலம்" என்றுதான் எழுதி வைத்திருந்தார்கள்.

முத்துக் காற்றும் மணல் காற்றும்

தேரிக்கும் முத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் நடுவில் இருப்பது காற்று.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடந்தது. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று தொடங்காத இடைவெளி அது. கடல் அமைதியாக, தண்ணீர் தெளிவாக இருக்கும். மே மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று சீறத் தொடங்கும். கடலில் சங்கும் முத்தும் எடுப்பவர் கரையேற வேண்டியதுதான். அதே நேரத்தில் தேரியில் மணல் நகரத் தொடங்கும். முத்துச் சீசன் முடியும்போது மணல் சீசன் ஆரம்பம்!

கொற்கையை கிரேக்க மாலுமிகளின் குறிப்புகள் அறிந்திருந்தன. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதினார், அரபு நாட்டிலிருந்து குதிரைகள் வந்திறங்கியதையும் சொன்னார். தேரியின் கிழக்கு விளிம்பில் குலசேகரப்பட்டினம் இருந்தது. தாமிரபரணி கொண்டு வந்த வண்டலில் கொற்கை கடலை விட்டுத் தள்ளிப் போனது, பிறகு காயலுக்கும் அதே கதி. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் காலத்தில் தூத்துக்குடி முன்னுக்கு வந்தது. கடைசியாகத் தூத்துக்குடியில் பெரிய அளவில் முத்துக் குளித்தது 1961ல். அத்தோடு அந்தக் கணக்கு மூடப்பட்டது.

துறைமுகங்கள் இடம் மாறின, முத்து தீர்ந்தது. ஆனால் கரைக்குப் பின்னால் இருந்த தேரி அங்கேயே இருந்தது, அதை நம்பிய சனங்களும் அங்கேயே இருந்தார்கள்.

தினமும் நடந்தவர்கள்

தேரியை அதிகம் நடந்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால் பரிசு பனையேறிக்குத்தான். சீசன் முழுக்க விடியும் முன்பே புறப்பட்டு மரம் மரமாக நடப்பார். ஒரு நாளைக்குக் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை அதே மரத்தில் ஏற வேண்டும். பாளையைச் சீவிவிட வேண்டும், சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சேர்ந்த பதநீரை இறக்க வேண்டும். முப்பது நாற்பது மரம் ஏறி இறங்கினால் எவ்வளவு உயரம் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். தரையில் நடந்தது தனிக் கணக்கு, அதுவும் கால் புதையும் மணலில்.

வீட்டுப் பெண்கள் விடிலியில் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கினார்கள். புகை, சூடு, விறகு பொறுக்க ஒரு நடை, தண்ணீருக்கு ஒரு நடை. அவர்களும் தேரியை நடந்தே அறிந்தவர்கள்தான். ஆனால் கணக்கில் மரம் ஏறியவர் பெயர் வரும், அடுப்படியில் நின்றவர் பெயர் வராது.

வெற்று மணலில் பனை எப்படி நிற்கிறது? மேல் மணல் நெருப்பாகச் சுடும்போதும் கொஞ்சம் ஆழத்தில் ஈரம் இருக்கிறது. காய்ந்த மேல் மணலே ஒரு மூடி போல் இருந்து, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகாமல் காக்கிறது. பனையேறிகளுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. எந்தப் பக்கத்து மரம் அதிகம் சுரக்கும், எந்தப் பள்ளத்தில் கையால் தோண்டினாலே ஈரம் தட்டும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

இந்தக் கருப்பட்டி சும்மா ஊர்ச்சந்தை சமாச்சாரம் இல்லை. ஒரு ரயிலையே வரவழைத்தது! 1910களில் பாரி கம்பெனி குலசேகரப்பட்டினத்தில் இருந்த தன் ஆலைக்குக் கருப்பட்டி கொண்டு வர ஒரு குட்டி ரயில் பாதை போட்டது. திசையன்விளை, உடன்குடி, குலசேகரப்பட்டினம், திருச்செந்தூர் என்று தேரி ஓரமாகவே ஓடிய இரண்டடி அகலப் பாதை. 1940ல் அது நின்றுபோனது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தரிசு என்று எழுதப்பட்ட மண்ணிலிருந்து வந்த பொருளுக்கு ஒரு காலத்தில் ரயில், இப்போது சர்க்கார் முத்திரை!

சுனையைத் தேடி நடந்தவர்கள்

அடுத்த நடை பக்தர்களுடையது. தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. கார்த்திகை மாதக் கடைசியில் இங்கே நடக்கும் கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்கு எங்கெங்கோ இருந்து சனங்கள் வந்து தேரியில் கூடுவார்கள். இளநீர் வெட்டப்பட்டதும் அது சிந்திய மணலைக் கூட்டம் முண்டியடித்து அள்ளும். அந்தச் செம்மணல் வீட்டுக்கும் வயலுக்கும் காப்பு என்பது நம்பிக்கை. கணக்குப் புத்தகத்தில் விலையே இல்லாத மணலை மடியில் முடிந்து கொண்டு போகிறார்கள்!

மேலப்புதுக்குடியில் இன்னொரு அய்யனார். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும், அருஞ்சுனை காத்த அய்யனார். மணல் காட்டுக்கு நடுவே ஒரு சுனை, அதைச் சுற்றி மரச்சோலை, அதற்குக் காவலாக ஒரு தெய்வம். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிட வரும் குடும்பங்கள் நிழலில் பொங்கல் வைக்கும்.

இதை வெறும் ஐதீகம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் சற்று நின்று யோசித்தால், "இந்த இடத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறது, இதைக் கெடுக்காதே" என்ற செய்தியை எழுத்தில்லாமல் பல தலைமுறைக்குக் கடத்த இதைவிட நல்ல வழி என்ன இருந்திருக்கும்? அந்தச் சட்டத்தை அமல்படுத்த ஒரு போலீஸ்காரர் கூடத் தேவைப்படவில்லை.

அயர்லாந்துக்காரரும் செம்மணலும்

19ஆம் நூற்றாண்டில் புது வகை நடைக்காரர்கள் வந்தார்கள், கிறிஸ்தவ மிஷனரிகள். இவர்களில் பெரிய பெயர் ராபர்ட் கால்டுவெல். 1814ல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பக்கம் பிறந்தவர். மேலே சொன்ன மேட்டுச் சதுப்புகளின் நாடு! 1838ல் சென்னைக்கு வந்தார். 1841ல் தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்துக்குச் சென்னையிலிருந்து பெரும்பகுதி நடந்தே புறப்பட்டார். தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, மதுரை என்று சுற்றிக் கொண்டு கடைசியில் வந்து சேர்ந்த இடம் தேரி ஓரத்து இடையன்குடி.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ல் எழுதியவர் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் இடையன்குடியில் தெருக்களைத் திட்டமிட்டவர், கிணறு வெட்ட வைத்தவர், 1847ல் தொடங்கிய கோயிலை 1880 வரை விடாமல் கட்டியவரும் அவரே. கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து 1877ல் கட்டுரை எழுதினார். இன்று வயலுக்கு நடுவே இருக்கும் கொற்கை ஒரு காலத்தில் கடல் துறைமுகமாக இருந்தது எப்படி என்று அந்த மண்ணைப் பார்த்தே விளக்க முயன்றார்.

மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் என்பவர் 1838 முதல் இருந்தார். மணல் வெளியாக இருந்த இடத்தில் கிணறுகள் வெட்டி, மரங்கள் வைத்து ஓர் ஊரையே எழுப்பினார். அங்குள்ள தூய பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி. தேரியில் வழி தப்பியவர்களுக்கு அது கலங்கரை விளக்கம் மாதிரி! மணலில் கிணறு வெட்டித் தண்ணீர் கிடைத்தது என்பதையும் இங்கே குறித்துக் கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மண்ணை அவ்வளவு நன்றாகப் படித்த கால்டுவெல், அந்த மண்ணின் மக்களைப் பற்றி 1849ல் எழுதிய சிறு நூல் பனையேறும் சமுதாயத்தை இழிவாகப் பேசியது. நாடார்களிடம் அது பெரும் கொந்தளிப்பைக் கிளப்பியது, பல வருடம் கழித்தும் அடங்கவில்லை. நடந்து பார்ப்பதாலேயே எல்லாம் சரியாகத் தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது. காலோடு மனதும் கொஞ்சம் இறங்கி நடக்க வேண்டும்.

சுத்தியலோடு வந்தவர்

ராபர்ட் புரூஸ் பூட் என்ற பெயரை வரலாற்று மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1863ல் சென்னை பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து இந்தியாவின் வயதையே பின்னுக்குத் தள்ளியவர். அவருடைய உத்தியோகம் தொல்லியல் இல்லை, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் வேலை. மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் நிலவியல் பற்றிய அவருடைய அறிக்கை 1883ல் வெளிவந்தது.

தேரி மணல் எங்கிருந்து வந்தது என்று அவர் யோசித்தார். கடலிலிருந்து என்றால் வெளுப்பாக அல்லவா இருக்க வேண்டும்? மேற்கே மலையடிவாரம் வரை இருப்பது செம்மண் பூமி. கோடையில் தென்மேற்குக் காற்று அந்த மண்ணைப் புடைக்கிறது. முறத்தில் தானியம் புடைக்கிற மாதிரிதான்! மெல்லிய தூசி பறந்து போய்விட, கனமான சிவப்பு மணல் மட்டும் கிழக்கே தள்ளப்பட்டுக் குவிகிறது. இதுதான் அவர் சொன்ன விளக்கத்தின் சாரம். நூறு வருடத்துக்குப் பிறகு வந்தவர்கள் இதில் திருத்தங்கள் செய்தார்கள், பழைய கடல் மட்ட மாற்றங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒளிர்வு முறைக் காலக்கணிப்பின்படி தேரி மணல் குவிந்தது சுமார் 11 ஆயிரம் ஆண்டுகளுக்கும் 5 ஆயிரம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில். ஆனால் கேள்வியைக் கேட்க முதலில் ஒருவர் அந்த வெயிலில் நடக்க வேண்டியிருந்தது.

பூட் சாயர்புரம் பக்கம் சின்னச் சின்னக் கல் ஆயுதங்களையும் பொறுக்கினார். அங்கேதான் அடுத்த கதை ஆரம்பம்.

முதலில் நடந்தவர்கள் கடைசியில் கிடைத்தார்கள்

1956ல் "ஏன்ஷியன்ட் இந்தியா" என்ற தொல்லியல் துறை இதழின் 12வது எண்ணில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் சாய்னர், ஆல்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள். திருநெல்வேலி ஜில்லாவின் நுண்கற்கருவி இடங்களைப் பற்றியது. (அப்போது தூத்துக்குடி தனி மாவட்டம் இல்லை, 1986ல்தான் பிரிந்தது.) சாயர்புரம், மெஞ்ஞானபுரம், காயாமொழி, நாசரேத், இடையன்குடி, புத்தன்தருவை, குளத்தூர்... பட்டியலைப் பாருங்கள், எல்லாம் தேரியும் தேரி ஓரமும்.

நுண்கற்கருவி என்றால் விரல் நகம் அளவுள்ள கல் துண்டுகள். பிறை வடிவம், முக்கோண வடிவம், அம்பு முனை. வெள்ளைப் படிகக் கல்லையும் சில்லுக் கல்லையும் தட்டிச் செய்தவை. மரக் கம்பிலோ எலும்பிலோ பதித்து அம்பாக, கத்தியாகப் பயன்படுத்தியிருப்பார்கள். சில கருவிகளின் மேலேயும் தேரியின் சிவப்பு ஏறியிருந்தது. அப்படியென்றால் மணல் சிவந்து கொண்டிருந்த காலத்திலேயே அங்கே ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது!

கடல் மட்ட வரலாற்றோடு ஒப்பிட்டு இவற்றுக்குச் சுமார் கி.மு. 4000 என்று அந்த ஆய்வாளர்கள் வயது சொன்னார்கள். கொற்கைக்கு முன்னால், ஆதிச்சநல்லூர் தாழிகளுக்கு முன்னால், எந்த அரசனுக்கும் முன்னால். மணல் மேட்டுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கி, தருவையில் தண்ணீர் குடித்து, கடலில் மீனும் காட்டில் மானும் பிடித்து வாழ்ந்த கூட்டம்.

மன்னார் வளைகுடாவின் அக்கரையிலும் இதே சிவப்பு மண் உண்டு. இலங்கையில் அதற்கு இரணைமடு படிவு என்று பெயர், அங்கேயும் கல் ஆயுதங்கள் கிடைத்திருக்கின்றன. முத்துச் சிலாபம் இரண்டு கரைக்கும் பொது என்றால், செம்மண்ணும் கல் ஆயுதமும் கூடப் பொதுதான்.

பேரேட்டில் "தரிசு"

இவ்வளவு இருந்தும் காகிதத்தில் தேரி என்னவாக இருக்கிறது? வருவாய்த்துறைக் கணக்கு என்பது வரி வசூலிக்க உண்டானது. பயிர் விளையாத நிலத்துக்கு அதில் மரியாதை கிடையாது. 2000ல் மத்திய அரசு வெளியிட்ட இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பிலும் கடலோர மணல் ஒரு தரிசு வகைதான்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். பேலன்ஸ் ஷீட்டில் ஒரு சொத்தை எழுதவே இல்லை என்றால், அது நாசமானால் நஷ்டக் கணக்கிலும் வராது. தேரி சேமிக்கும் தண்ணீருக்கு மதிப்புப் போடவில்லை, எனவே அது போனாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை! கருப்பட்டி வருமானம் பனையேறி வீட்டோடு முடிந்துவிட்டது. கல் ஆயுதத்துக்கு விலைச்சீட்டே கிடையாது.

ஆனால் ஒன்றுக்கு மட்டும் விலை உண்டு. இந்தச் செம்மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான் போன்ற கனிமங்கள் கலந்திருக்கின்றன. இல்மனைட்டிலிருந்து கிடைப்பது டைட்டானியம் டை ஆக்சைடு, பெயிண்டுக்கும் பேப்பருக்கும் வெண்மை தரும் பொடி. சிவப்பு மணலிலிருந்து வெள்ளைப் பெயிண்ட்! 2007ல் சாத்தான்குளம், ராதாபுரம் வட்டாரத்தில் சுமார் 2,500 கோடி ரூபாயில் டைட்டானியம் டை ஆக்சைடு திட்டத்துக்கு டாடா ஸ்டீல் நிறுவனமும் தமிழக அரசும் கைகோத்தன. ஆயிரக்கணக்கான ஏக்கர் தேவைப்பட்டது. வேலை வரும் என்று ஆதரித்தவர்களும் உண்டு, நிலமும் தண்ணீரும் போய்விடும் என்று எதிர்த்தவர்களும் உண்டு. எதிர்ப்பு வலுத்தது, திட்டம் கிடப்பில் போனது.

ஆதரித்தவர்கள் கேட்ட கேள்வி அலட்சியம் செய்யத்தக்கதல்ல. பனையேற ஆள் குறைந்துவிட்டது, பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள், மணலை வைத்துக் கொண்டு என்ன செய்வது? இதற்குப் பதில் சொல்லாமல் இயற்கையைக் காப்போம் என்று மட்டும் சொன்னால் ஊர்க்காரர் சிரிப்பார். பதில் மணலுக்கு அடியில் இருக்கிறது.

ஆம்ஸ்டர்டாம் பாடம்

கடலோரத்தில் தரைக்கு அடியிலும் கடல் இருக்கிறது. உப்புத் தண்ணீர் கனமானது, மழைத் தண்ணீர் லேசானது. எனவே மணலில் இறங்கிய மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் பேடன் கைபன் என்ற பொறியாளரும், பிறகு ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் இதற்கு ஒரு கணக்கே கண்டுபிடித்தார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். சந்தோஷமான கணக்கு! ஆனால் திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும். மேலே ஓர் அடி குறைந்து அப்படியே நீடித்தால், கீழே உப்பு 40 அடி ஏறிவிடும்.

ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் கடலோர மணல் மேடுகளிலிருந்து குடிதண்ணீர் எடுத்தது. நகரம் வளர வளர அதிகம் உறிஞ்சினார்கள், அடியிலிருந்து உப்பு ஏறியது. கடைசியில் 1957 முதல் ரைன் ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து கொண்டு வந்து அதே மணலில் இறக்கி, வடிகட்டி, மறுபடி எடுக்கிறார்கள். அந்த மணல் மேடுகள் இன்று தண்ணீர்த் தொட்டியும் ஆகும், இயற்கைக் காப்பகமும் ஆகும். மக்கள் அங்கே நாள் முழுக்க நடந்து திரிகிறார்கள். அதைத் தரிசு என்று யாராவது சொன்னால் ஆம்ஸ்டர்டாமுக்குத் தாகம் எடுத்துவிடும்!

இங்கே உடன்குடி, திருச்செந்தூர்க் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உப்பு ஏறிவிட்டது. ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் பெருகிய பிறகு நடந்தது இது. மணல் மேட்டைக் கரைத்தாலும், அடியிலிருந்து அளவில்லாமல் உறிஞ்சினாலும் விளைவு ஒன்றுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகள் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. அந்தப் பக்கத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதை விட அதிகம்! குளங்கள் உடைந்தன, பாலங்கள் போயின, ஊர்கள் தீவாகின. பெய்வதெல்லாம் சில நாளில் பெய்து, மீதி வருடம் காய்கிற ஒரு பூமிக்கு எது வேண்டும்? விழுந்த மழையைக் கரையில்லாமல், மதகில்லாமல் உள்ளே வாங்கி வைக்கும் மண் வேண்டும். அது ஏற்கெனவே இருக்கிறது, பெயர் தேரி.

நடந்து பார்க்க...

விசாகப்பட்டினம் அருகே பீமுனிப்பட்டினத்தில் இதே போன்ற செம்மணல் மேடுகள் உள்ளன, பெயர் எர்ர மட்டி திப்பலு. 2014ல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அவற்றைத் தேசிய நிலவியல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தூத்துக்குடி மாவட்டத்திலேயே வல்லநாட்டில் வெளிமான்களுக்குச் சரணாலயம் இருக்கிறது, மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குத் தேசியப் பூங்கா இருக்கிறது. தேரிக்கு அந்த மாதிரிப் பட்டம் கிடைக்கவில்லை. பக்கத்திலேயே குலசேகரப்பட்டினத்தில் 2,000 ஏக்கருக்கு மேல் எடுத்து ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ல் அடிக்கல் நாட்டியாயிற்று. வானத்தைப் பார்க்கும் ஊராக அது மாறப் போகிறது. தரையையும் கொஞ்சம் பார்த்துக் கொள்ள வேண்டும்.

அடுத்த தடவை திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் சாமி கும்பிட்டு, நாழிக்கிணற்றில் குளித்து, கருப்பட்டி வாங்கிக் கொண்டு திரும்பிவிட வேண்டாம். கடலுக்கு அத்தனை பக்கத்தில் நாழிக்கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கவில்லை என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பிறகு தேரிக்குடியிருப்போ மேலப்புதுக்குடியோ போய்க் கோயில் பாதையில் கொஞ்சம் நடந்து பாருங்கள். மார்கழி, தை மாதக் காலை நேரம் நல்லது. பங்குனிக்கு மேல் நடுப்பகலில் போனால் கால் வெந்துவிடும். காட்டுக்குள் ஆழமாகப் போக வனத்துறை அனுமதி கேட்க வேண்டும். உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக் கொள்வது உத்தமம், ஏனென்றால் எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கும்.

குடை விரித்த மாதிரி நிற்கும் உடைமரங்களையும், வனத்துறை வைத்த கொல்லா மரங்களையும், தாழம் புதர்களையும் பார்க்கலாம். காற்று நேற்றைய கால் தடத்தை அழித்து மணலில் புது வரி போட்டிருக்கும். சிவப்பு மணலில் நகம் அளவு வெள்ளைக் கல் ஒன்று மின்னினால் குனிந்து பாருங்கள், ஆனால் எடுக்காதீர்கள். அது கிடக்கும் இடத்தில் கிடந்தால்தான் வரலாறு. பாக்கெட்டுக்குள் வந்துவிட்டால் வெறும் கல்!